பன்னிரண்டாம் வகுப்பில் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதும் அமெரிக்கக் கல்லூரி அனுமதியும்: எங்கள் மகளுடன் கடந்து வந்த வழி

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி), எஸ்.ஏ.டி. என்னும் பொதுத் தேர்வின் மதிப்பெண், விண்ணப்பக் கட்டுரை ஆகிய மூன்றைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பதினோராம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தையொட்டி, அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கப் பள்ளி நீட்டும் படிவத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் படித்து, இயந்திரப் பொறியியலுக்கு விண்ணப்பித்த எங்கள் மகளுக்கு நாங்கள் மிகுந்த நேரம் கொடுத்து யோசித்தது அந்தப் படிவத்தைத்தான். போட்டி கடுமையாக உள்ள கல்லூரிகளைப் பொறுத்தவரை அது சரியான செலவு என்றே இன்றும் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் இன்றுள்ள முறை வேறு. அங்கே பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் 50-க்கும் மாற்றி, 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பின் இறுதித் தேர்வே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இங்கோ முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1-ஆம் தேதியும், வழக்கமான விண்ணப்பங்களுக்கு ஜனவரித் தொடக்கமும் கடைசி நாளாக இருப்பதால், விண்ணப்பத்தைப் படிப்பவர் கையில் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதி மதிப்பெண் எதுவும் இருப்பதில்லை. அந்த ஆண்டைப் பற்றி முதலில் அவருக்குக் கிடைப்பது மாணவர் எடுத்திருக்கும் பாடங்களின் பட்டியலும், சில இடங்களில் முதல் காலாண்டு மதிப்பெண்ணும் மட்டுமே. தேர்வு எழுதி வாங்கும் எண்ணுக்கு முன்பே, எதைப் படிக்கத் துணிந்தார் என்பது பேசத் தொடங்கிவிடுகிறது.

இதைப் பள்ளி ஆலோசகர் எங்களுக்கு விளக்கிய விதம் மிகவும் உதவியது. பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் ஆலோசகர் ஒரு பள்ளி அறிக்கை அனுப்புகிறார். அதில், அதே பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் தேர்ந்தெடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று, 'மிக மிகக் கடினமானது' என்பதிலிருந்து சராசரிக்கும் கீழே என்பது வரை, குறிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதனுடன் பள்ளியின் விவரக்குறிப்பும் போகிறது. அங்கே எத்தனை ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவிலான பாடங்கள்) நடத்தப்படுகின்றன, எடுப்பதற்கு வரம்பு ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆகவே ஐந்து ஏ.பி. பாடங்களே உள்ள பள்ளியில் நான்கை எடுத்தவரையும், இருபத்தைந்து உள்ள பள்ளியில் நான்கை எடுத்தவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளை பத்து ஏ.பி. எடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுக் கலங்கும் பெற்றோருக்கு இதை நான் அடிக்கடி சொல்கிறேன்.

'மிக மிகக் கடினமானது' என்ற மேல் கட்டத்தைக் குறிக்க எத்தனை ஏ.பி. வேண்டும் என்று ஆலோசகரிடம் நேரடியாகவே கேட்டோம். எண்ணிக்கை எதுவும் வைத்திருக்கவில்லை என்றும், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், அயல்மொழி ஆகிய ஐந்தும் தொடர்கின்றனவா, மாணவர் போக விரும்பும் துறைக்குரிய பாடத்தில் பள்ளி தரக்கூடிய உச்சநிலை வரை சென்றிருக்கிறாரா என்றே பார்ப்பதாகவும் கூறினார். பல கல்லூரிகள் தங்களைப் பற்றிய புள்ளிவிவரங்களுடன் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' ஆவணத்தின் சி7 பகுதியில், பள்ளிப்பாடங்களின் கடினத்துக்கு அக்கல்லூரி எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்பது குறிக்கப்பட்டிருக்கும். நாங்கள் விண்ணப்பிக்க எண்ணிய கல்லூரிகளில் பெரும்பாலானவை அதற்கு 'மிக முக்கியம்' என்றே குறித்திருந்தன.

வீட்டில் விவாதம் முழுவதும் அந்தப் பாடப் படிவத்தின் மூன்று இடங்களைச் சுற்றியே நடந்தது. கணிதத்தில் ஏ.பி. புள்ளியியலா, அதைவிடக் கடினமான கால்குலஸ் (நுண்கணிதம்) பி.சி.யா? அறிவியலில் ஏ.பி. சுற்றுச்சூழல் அறிவியலா, அதைவிடக் கடினமான ஏ.பி. இயற்பியல் சி-யா? நான்காம் ஆண்டு ஸ்பானிஷை விட்டுவிட்டு ஏ.பி. உளவியல் எடுக்கலாமா? பொறியியலுக்குப் போகிறவருக்கு முதல் இரண்டிலும் விடை தெளிவாகவே இருந்தது. கால்டெக் என்னும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றையும் எதிர்பார்க்கிறது. அவை நடத்தப்படாத பள்ளிகளில் படிப்பவர்களுக்கு 2023-இல் வேறு வழிகளையும் அறிவித்தது. எம்.ஐ.டி.யும் கால்குலஸ் அளவிலான கணிதத்தையும் இயற்பியலையும் பரிந்துரைக்கிறது. ஸ்பானிஷைப் பொறுத்தவரை, ஏ.பி. என்ற அடைமொழி ஒன்று கூடும் என்பதற்காக மூன்றாண்டு உழைத்த மொழியைப் பாதியில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை; ஹார்வர்டு போன்ற இடங்கள் ஒரே மொழியை நான்கு ஆண்டுகள் படிப்பதையே விரும்புகின்றன. மகள் அதைத் தொடர்ந்தாள். ஆங்கிலத்தில் மட்டும் ஏ.பி.யை விட்டு, அதற்கு ஒரு படி கீழேயுள்ள ஹானர்ஸ் வகுப்பைத் தானே தேர்ந்தெடுத்தாள். இலையுதிர் பருவத்தில் விண்ணப்பக் கட்டுரைகளும் சேர்ந்துகொள்ளும்போது, எல்லா வகுப்பையும் உச்சத்தில் வைத்து எல்லாவற்றிலும் தளர்வதைவிட, தன் துறைக்குரியவற்றில் உறுதியாக நிற்பதே மேல் என்பது அவள் எண்ணம். நானும் அதை முழுமனதோடு ஏற்றேன்.

கலிபோர்னியாவில் உள்ள நண்பர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் ஜி.பி.ஏ. கணக்கில் பத்து, பதினோராம் வகுப்புகளின் மதிப்பெண்களையே எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்குத் திட்டமிட்ட பாடங்களை விண்ணப்பத்திலேயே பட்டியலிட வேண்டும். கிடைக்கும் அனுமதியும், அந்தப் பாடங்களை நல்ல மதிப்பெண்ணுடன் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டதே.

செப்டம்பரில் இயற்பியல் சி எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. முதல் தேர்வில் சி கிரேடு வந்ததும் வகுப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தாள். விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தைப் பிறகு கைவிட்டால் கல்லூரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும், எங்கள் பள்ளியில் குறிப்பிட்ட தேதிக்குப் பின் விலகினால் அது மதிப்பெண் பட்டியலில் பதிவாகும் என்பதையும் ஆலோசகர் எடுத்துச் சொன்னார். அச்சத்தால் அல்லாமல் பாடத்தின் மீதிருந்த விருப்பத்தாலேயே அவள் தொடர்ந்தாள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. பள்ளி முடிந்த பின் ஆசிரியரிடம் கணக்குகளைப் போட்டுப் பழகி, அரையாண்டில் பி பிளஸ்ஸுக்கு வந்தாள்.

அவள் முதலிடத்தில் வைத்திருந்த கல்லூரி டிசம்பரில் முடிவை ஒத்திவைத்தது. அதன் பிறகு பிப்ரவரியில் பள்ளி அனுப்பும் அரையாண்டு அறிக்கைக்கு எடை கூடிவிடுகிறது. கடினமான பாடத்தை எழுதிக்காட்டியவர் அதைத் தாங்கிப் படிக்கிறாரா என்பதை அதில்தான் காண்கிறார்கள். அந்தக் கல்லூரி மார்ச் இறுதியில் மறுத்துவிட்டது. வருத்தம் இருந்தது, மறைப்பதற்கில்லை. நல்ல பொறியியல் துறை உள்ள வேறு கல்லூரிகள் அழைத்தன. அவற்றுள் ஒன்றை மே 1-க்குள் உறுதி செய்தோம்.

மே மாதம் எழுதிய ஏ.பி. தேர்வுகளின் முடிவு ஜூலையில்தான் வரும் என்பதால், அனுமதியில் அவற்றுக்குப் பங்கில்லை. முதலாண்டில் சில பாடங்களிலிருந்து விலக்குப் பெறவே அவை உதவுகின்றன. ஆனால் ஜூன் மாதம் பள்ளி அனுப்பும் இறுதி அறிக்கையைக் கல்லூரிகள் உண்மையாகவே படிக்கின்றன, மதிப்பெண் பெரிதும் சரிந்தால் விளக்கம் கேட்கவும் அனுமதியைத் திரும்பப் பெறவும் அவற்றுக்கு உரிமை உண்டு. இப்போது பதினோராம் வகுப்பில் பிள்ளை இருப்பவர்கள், படிவம் வருவதற்கு முன்பே பள்ளியின் விவரக்குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, தங்கள் பிள்ளையின் பட்டியலுக்கு எந்தக் கட்டத்தைக் குறிப்பார் என்று ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். பாடத்தை மாற்ற அப்போது இடமிருக்கும், செப்டம்பரில் வகுப்புகள் நிரம்பிய பின் பெரும்பாலும் இருக்காது.