ஐப்பசி மழையில் ஒரு செப்புத் திருமேனி

அக்டோபர் 21

மண்ணுக்கடியில் கிடைத்த அம்மன் திருமேனி காட்சிக்கூடத்திலிருந்து ஆய்வகத்துக்கு வந்தது. உயரம் 38 செ.மீ., பீடத்தோடு எடை 9.4 கிலோ. பத்மபீடத்து இதழ்களின் இடுக்கிலும் வலது முழங்காலின் பின்புறத்திலும் வெளிர்பச்சைப் பொடி. காட்சிப் பெட்டியின் தரையிலும் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. சிலையைப் பார்ப்பதற்கு முன் பெட்டித் தரையைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். உதிர்ந்த பொடிதான் முதல் சாட்சி.

பச்சையாக இருப்பதெல்லாம் 'வெண்கல நோய்' எனப்படும் அரிப்பு ஆகாது. நல்ல களிம்பு கரும்பச்சையாக, வழவழப்பாக, ஊசியால் தொட்டாலும் அசையாமல் இருக்கும். அதைச் சுரண்டுவது பெரும்பிழை. நோய்ப் பச்சை வெளுத்திருக்கும், மாவுபோல் உதிரும், துடைத்த இடத்திலேயே சில நாளில் மீண்டும் பூக்கும்.

தூக்கும்போது ஒரு கை பீடத்துக்கு அடியில், மறு கை இடுப்பில். மகுடம், கை, திருவாசி எதையும் பிடித்துத் தூக்கக் கூடாது. கனமாக வார்த்த உருவம்தானே என்று நம்பிவிடுகிறோம். ஆனால் விரல்களும் மலர் ஏந்திய கையும் மெல்லியவை, உள்ளே அரிப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியே தெரியாது. கையுறை நைட்ரைல். வியர்வையில் இருப்பதும் உப்புதான்.

நான்கு பக்கமும் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னும் நான்கு. உடனே ஈரம் உறிஞ்சும் உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைத்தாயிற்று. வேறு எதையும் தொடங்குவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். வெளியே ஈரப்பதம் 84 சதவீதம்.

அக்டோபர் 23

குளோரைடு சோதனை. ஊசி முனையில் நான்கைந்து துகள், கண்ணாடிச் சில்லில் வைத்து ஒரு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசல். பால் திரிந்ததுபோல் வெள்ளை வந்தது; குளோரைடு இருக்கிறது என்று பொருள். வெளிச்சத்தில் வைத்திருந்தால் அது சாம்பல் ஊதாவாகும். பக்கத்துச் சில்லில் துகள் இல்லாமல் அதே இரண்டு சொட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவிய சில்லே வெள்ளை காட்டி ஏமாற்றிவிடும்.

என்ன நடக்கிறது? மண்ணில் கிடந்த காலத்தில் உப்பு உலோகத்துக்குள் இறங்கி, செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாகக் களிம்பின் அடியில் தங்குகிறது. மெழுகு போன்ற சாம்பல் நிறம். வறட்சியில் அது சும்மா கிடக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் வெளிர்பச்சைச் செம்பு ஹைட்ராக்சிகுளோரைடாக மாறும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கும். அந்த அமிலம் நல்ல செம்பைத் தின்று மறுபடியும் குப்ரஸ் குளோரைடை உண்டாக்கும். புதிய பொருள் பழையதைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலே உள்ள நல்ல களிம்பும் செதிலாகக் கிளம்பும். ஈரப்பதம் சுமார் 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த வினை தூங்கும். 55-ஐத் தாண்டினால் வேகம் பிடிக்கும். சென்னையின் மழைக்கால ஈரப்பதம் அதைவிட எவ்வளவோ மேலே.

அக்டோபர் 24

சுத்தம் செய்வதற்கு முன், எதைச் சுத்தம் செய்யக் கூடாது என்று வரைபடத்தில் குறித்தோம். கழுத்தணியின் பின்புறப் பள்ளத்தில் கறுத்த பிசுக்கு, இடது காதோரம் வெள்ளைப் படிவு. பழைய எண்ணெய்க் காப்பாக இருக்கலாம், சந்தனமாகவோ திருநீறாகவோ இருக்கலாம். புதைவதற்கு முன் பூசையில் இருந்ததற்கான தடயம் அது. தொட வேண்டாம். மூக்கும் கன்னமும் தேய்ந்திருப்பதும் பலகாலம் தேய்த்து நீராட்டிய கைகளின் அடையாளம். குறையென்று எழுதக் கூடாது; 'வழிபாட்டுத் தேய்வு' என்றே பதிவேட்டில் எழுதினோம்.

புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் பளபளவென்று வருமே என்று கேட்பவர்கள் உண்டு. வரும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், உப்பு குளோரைடைக் கொடுக்கும். இந்த நோய்க்கு வேண்டிய இரண்டையும் ஒரே கையால் ஊட்டுவதாகும்.

அக்டோபர் 28

நுண்ணோக்கியில் முதல் நாள். பெருக்கம் 10 முதல் 20 மடங்கு. 15-ஆம் எண் ஸ்கால்பெல், மூங்கில் சீவல், மென்மயிர்த் தூரிகை, பக்கத்தில் உறிஞ்சுகுழாய். முகமூடி கட்டாயம்: இந்த உலோகத்தில் ஈயமும் இருக்கிறது. நாலு மணி நேரத்தில் மூன்று குழிகள்தான் முடிந்தன. அதுதான் சரியான வேகம்.

பச்சைப் பொடியை எடுத்தால் அடியில் சாம்பல் மெழுகு தெரியும். அதையும் எட்டிய வரைக்கும் எடுக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் செங்கல் நிறத்தில் குப்ரைட் (குப்ரஸ் ஆக்சைடு) படலம் தெரிந்ததும் கத்தி நிற்க வேண்டும். ஸ்தபதியின் உளி பட்ட மூல மேற்பரப்பு பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் பதிந்திருக்கிறது. அதைத் தாண்டினால் ஆடையின் மடிப்புக்கோடு என்றைக்குமாகப் போயிற்று. கண்ணாடி நார்ப் பேனாவை இங்கே எடுக்கவில்லை. நல்ல களிம்பையும் கீறிவிடும், உடைந்த நார் குழிக்குள் தங்கிவிடும்.

அக்டோபர் 31

பக்கத்து மேசையில், பல ஆண்டுகளுக்கு முன் மின்னாற்பகுப்பால் சுத்தம் செய்த ஒரு சிறு உருவம். 1930-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வகம் தொடங்கியபோது வேதியியலாளர் எஸ். பரமசிவன் எடுத்துக்கொண்ட முக்கிய வேலை இந்த நோய்தான். உருவத்தை எதிர்மின்வாயாகக் கட்டிக் காரக்கரைசலில் நிறுத்தி மின்சாரம் செலுத்தினால் மேலோடு முழுவதும் கழன்றுவிடும், குளோரைடும் வெளியேறும். அடையாளமே தெரியாமல் மூடிக்கிடந்த உருவங்களுக்கு முகம் திரும்பக் கிடைத்தது. அந்த வேலை இல்லையென்றால் பல திருமேனிகள் இன்று பொடியாகியிருக்கும். இன்று முழு உருவத்துக்கும் அதைச் செய்வதில்லை, காரணம் மேலோட்டுக்குள் பதிந்திருக்கும் மூல மேற்பரப்பும் சேர்ந்தே போய்விடும். மேசையில் இருக்கும் உருவம் இளஞ்சிவப்பாக, தோலுரித்ததுபோல் இருக்கிறது.

குளோரைடை வெளியேற்ற, சோடியம் செஸ்குவிகார்பனேட் 5 சதவீதக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் முறையும் வேண்டாமென்று முடிவு. நீலப்பச்சையில் புதிய கார்பனேட் படிந்து நிறமே மாறிவிடும்.

நவம்பர் 4

பென்சோட்ரையசோல்: செம்பின் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள். 3 சதவீதம், அதாவது ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 30 கிராம். உருவம் இடுப்பளவு மூழ்க 7 லிட்டர் தேவைப்பட்டது, ஆக 210 கிராம். முதலில் நோயுள்ள பகுதிகளை மட்டும் அசிட்டோனால் துடைத்தோம். காதோரப் படிவும் கழுத்துப் பிசுக்கும் உள்ள மேற்பகுதியைக் கரைசலில் இறக்கவில்லை: திருமேனியை இடுப்பளவே நிறுத்தி, மேலே வேண்டிய இடத்தில் தூரிகையால் தடவினோம். குழியிலிருந்து குமிழ் வருவது நிற்கும் வரை அசைத்துக் கொடுத்து, 24 மணி நேரம் மூடி வைத்தாயிற்று. புகைபோக்கி அடைப்புக்குள் மட்டுமே இந்த வேலை. தோலில் படக் கூடாது, தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

வெளியே எடுத்ததும் எத்தனாலால் மேலோட்டமாகக் கழுவ வேண்டும். மறந்தால் காய்ந்த பிறகு வெள்ளைப் படிகம் பூத்து, நோய் திரும்பிவிட்டதோ என்று பயமுறுத்தும்.

இதன் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். ஆழமான குழிக்குள் அமிலம் மிகுந்திருக்கும். அங்கே பென்சோட்ரையசோல் செம்போடு உறுதியான படலம் அமைப்பதில்லை.

நவம்பர் 6

நோய் இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஈரச் சோதனை. மூடிய பெட்டிக்குள் பொட்டாசியம் சல்பேட்டின் தெவிட்டிய கரைசல் ஒரு கிண்ணம். உள்ளே ஈரப்பதம் 97 சதவீதத்தை ஒட்டி நிற்கும். (சமையல் உப்புக் கரைசலும் ஈரத்தை நிலையாக வைத்திருக்கும், ஆனால் குளோரைடை இந்தப் பெட்டிக்குள் எவரும் கொண்டுவரக் கூடாது.) 24 மணி நேரம் கழித்து முழங்காலின் பின்னால் இரண்டு பச்சைப் புள்ளிகள்.

நவம்பர் 7

அந்த இரண்டு குழிகளுக்கு வெள்ளி ஆக்சைடு. எத்தனாலில் குழைத்து மூங்கில் முனையால் அழுத்தி அடைப்பது. அது குப்ரஸ் குளோரைடோடு சேர்ந்து வெள்ளி குளோரைடும் குப்ரஸ் ஆக்சைடுமாக மாறிக் குழியின் வாயை அடைத்துவிடும். அடைத்த இடம் கரும்பழுப்பாகத் தெரியும், இந்தத் திருமேனியின் நிறத்தில் கண்ணுக்கு உறுத்தாது. மீண்டும் ஈரப்பெட்டி. ஒரு புள்ளி திரும்ப வந்தது. மீண்டும் தோண்டி மீண்டும் அடைப்பு.

நவம்பர் 10

புள்ளி இல்லை.

நவம்பர் 13

மேற்பூச்சு. வழக்கமாகக் கைபோகும் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை இங்கே தவிர்த்தோம். அது இளகத் தொடங்கும் வெப்பநிலை 40 டிகிரி. சித்திரை வெயிலில் குளிர்சாதனம் நின்ற கூடத்தில், விளக்கு எரிந்த பெட்டிக்குள், அது எட்டாத வெப்பம் அல்ல. இளகிய பூச்சில் தூசி ஒட்டிக்கொண்டால் பூச்சையே கரைத்தெடுக்க வேண்டிவரும். பாரலாய்ட் பி-44-க்கு அந்த வெப்பநிலை 60 டிகிரி. அதனோடு பென்சோட்ரையசோலும் சேர்த்துத் தயாரித்த இன்கிராலாக் என்ற மேற்பூச்சை டொலுவீனில் நீர்க்கவைத்து மெல்லிய தூரிகையில் இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி.

மழைநாளில் அசிட்டோனில் கரைத்த பூச்சைப் பூசக் கூடாது. அசிட்டோன் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். ஈரம் வாங்கும் கருவி ஓடிய அறையில் 50 சதவீதம் வந்த பிறகே தூரிகையை எடுத்தோம். கடைசியில் நுண்படிக மெழுகு, மெல்லிய ஒரு கை, மினுக்கம் அடங்கியது.

நவம்பர் 20

காட்சிப் பெட்டி. இங்கே தவறினால் மேலே செய்தது எல்லாம் வீண். பழைய பெட்டியின் ஒட்டுப்பலகையில் வெட்டிய துண்டை, உலோகத்தைக் கெடுக்கும் ஆவி விடுகிறதா என்று பார்க்கும் 'ஆடி' (Oddy) சோதனைக்கு வைத்து இன்றோடு 28 நாள்: மூடிய குழாயில் துளி நீர், ஈயம், செம்பு, வெள்ளித் தகடுகள், 60 டிகிரி. ஈயத் தகடு வெள்ளையாகப் பூத்துவிட்டது. பலகை கரிம அமில ஆவி விடுகிறது என்று பொருள். ஈயம் கலந்த இந்த உலோகத்துக்கு அது ஆகாது. பலகை வெளியேறியது, பொடிப்பூச்சு அலுமினியத் தளம் வந்தது.

பெட்டியின் உள்ளளவு 60 × 60 × 90 செ.மீ., 0.32 கன மீட்டர். கன மீட்டருக்கு 20 கிலோ என்ற கணக்கில் சிலிக்கா ஜெல் 6.5 கிலோ, தளத்துக்குக் கீழே தட்டில், மேலே காற்றுத் துளைகளோடு. நிறங்காட்டும் மணிகள் ஆரஞ்சு வகை. கோபால்ட் நீலம் நச்சு. கதவு விளிம்புக்கு சிலிக்கோன் அடைப்பு.

கூடத்தின் குளிர்சாதனத்தை மாலையில் நிறுத்தும் வழக்கத்தையும் பேசி முடிக்க வேண்டியிருந்தது. நிறுத்தியதும் ஈரக்காற்று உள்ளே வரும். கனமான உலோகம் மட்டும் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து பனி பிடிக்கும். பகலில் மட்டும் குளிரவைப்பதைவிட விசிறி போதும்.

டிசம்பர் 9

பெட்டிக்குள் 38 சதவீதம், கூடத்தில் 79. மணிகளில் பெரும்பகுதி ஆரஞ்சாகவே இருக்கிறது. கதவோரம் மட்டும் பச்சை கலந்திருக்கிறது, அங்கே அடைப்பு சரியாக உட்காரவில்லை. அடைப்பை மாற்றி, ஈரம் ஏறிய 800 கிராமை 110 டிகிரி அடுப்பில் உலர்த்தக் கொடுத்தாயிற்று. முழங்காலின் பின்புறம் கண்ணாடி வைத்துப் பார்த்தோம்: பொடி இல்லை. தளத்தில் விரித்த கறுப்புத் தாளிலும் ஒன்றும் உதிரவில்லை. அடுத்த பார்வை டிசம்பர் 23.