சூட்டுக்குப் பதில் சொன்னது எது? ஒரு ஹோஸ்ட்-கெஸ்ட் ஜெல் புராஜெக்ட் அனுபவம்

எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில், சூடுபடுத்தினால் தன்மை மாறும் ஜெல்லைப் புராஜெக்டாக எடுத்தேன். அடுத்த வருடம் இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு, நான் எங்கே தடுமாறினேன் என்பது உதவும்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது ஏழு குளுக்கோஸ் அலகுகள் வளையமாகச் சேர்ந்த மூலக்கூறு. அடிப்பாகம் இல்லாத கிண்ணம் மாதிரி. வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒத்துப்போகும், உட்பக்கம் அவ்வளவாக ஒத்துப்போகாது. அடமான்டேன் என்ற கூண்டு வடிவச் சிறு கரிம மூலக்கூறு அந்தக் குழிக்குள் அளவெடுத்ததுபோல உட்காரும். கிண்ணம்தான் ஹோஸ்ட், உள்ளே வருவது கெஸ்ட். ஒரு பாலிமரில் கிண்ணங்களையும், இன்னொன்றில் அடமான்டேனையும் தொங்கவிட்டுக் கலந்தால், சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஜெல் ஆகும். என் இரண்டாவது பாலிமரின் சங்கிலி பி-நிப்பாம், அதாவது பாலி என்-ஐசோப்ரோப்பைல் அக்ரிலமைடு. அது தனியாக இருந்தால் சுமார் 32 டிகிரி செல்சியஸ் வரை தண்ணீரில் தெளிவாகக் கரைந்திருக்கும். அதைத் தாண்டினால் பால்போல வெளுக்கும்.

என் ஜெல் 40 டிகிரியில் வெளுத்து, சுருங்கி, தண்ணீரைக் கக்கியது. "வெப்பத்தால் ஹோஸ்ட்-கெஸ்ட் பிணைப்பு தளர்கிறது" என்று அறிக்கையில் எழுதினேன். இடைக்கால மதிப்பீட்டில் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சூட்டுக்குப் பதில் சொன்னது கிண்ணமா, சங்கிலியா?" என்னிடம் பதில் இல்லை. இரண்டுமே வெப்பத்துக்கு மாறக்கூடியவை. பிணைப்பு வெப்பத்தை வெளியிட்டு உருவாவதால் சூட்டில் பலவீனமாகும். பி-நிப்பாமும் தன்னைச் சுற்றி ஒழுங்காக நின்ற தண்ணீரை விட்டுவிட்டுச் சுருளும். நான் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பெயர் வைத்திருந்தேன்.

அப்புறம் செய்த சோதனைகள்தான் என் புராஜெக்டைக் காப்பாற்றின. பி-நிப்பாமுக்குப் பதில், இந்த வெப்பநிலைகளில் வெளுக்காத டைமெத்தில் அக்ரிலமைடு சங்கிலியில் அதே அளவு அடமான்டேன் வைத்து ஜெல் செய்தேன். சூடுபடுத்தியபோது அது மெல்ல மெல்ல இளகியது, ஆனால் கடைசிவரை தெளிவாகவே இருந்தது. ஆக, திடீர் வெளுப்பு சங்கிலியின் வேலை, படிப்படியான இளக்கம் கிண்ணத்தின் வேலை. இன்னொரு சோதனையில் ஜெல்லோடு சோடியம் அடமான்டேன் கார்பாக்சிலேட்டை (சங்கிலியில் தொங்காத, தண்ணீரில் கரையும் அடமான்டேன் உப்பு) கூடுதலாகச் சேர்த்தேன். தனி கெஸ்ட் கிண்ணங்களைப் பிடித்துக்கொள்ள, அறை வெப்பநிலையிலேயே ஜெல் ஓடும் கரைசலானது. இந்தப் போட்டிச் சோதனை இல்லாமல் "ஹோஸ்ட்-கெஸ்ட்" என்ற சொல்லை அறிக்கையில் எழுதாதீர்கள். கூடவே ஆல்பா சைக்ளோடெக்ஸ்ட்ரினையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள்: அதே சர்க்கரைதான், ஆனால் ஆறு அலகு, குழி சிறியது, அடமான்டேன் அதில் சரியாக நுழையாது.

எடை விஷயத்தில் எனக்கு மூன்று வாரம் போனது. கெஸ்ட் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபடுகிறது என்று சொல்லும் பிணைப்பு மாறிலிக்காக ஐடிசி கருவியில் (கலக்கும்போது வெளியாகும் வெப்பத்தை அளப்பது), செல்லில் பீட்டா, சிரிஞ்சில் கெஸ்ட் என்று வைத்து ஓட்டினேன். ஒரு கிண்ணத்துக்கு ஒரு கெஸ்ட் என்று 1 வரவேண்டிய எண் திரும்பத் திரும்ப 0.86 என்றே வந்தது. கரைசலைப் புதிதாகச் செய்தேன், செல்லைக் கழுவினேன், மாறவில்லை. ஒரு சீனியர் அண்ணன் பீட்டா பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை டிஜிஏ-வில் போட்டாயா?" என்றார். சூடுபடுத்திக்கொண்டே எடை குறைவதை அளக்கும் கருவி அது. போட்டேன். நூறு டிகிரியைத் தாண்டும்போதே சுமார் 14 சதவீதம் எடை போயிருந்தது. எல்லாம் தண்ணீர்! பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் வெறும் தூளாகத் தெரிந்தாலும் குழிக்குள்ளும் படிகத்துக்குள்ளும் தண்ணீரை வைத்திருக்கும். மூலக்கூறு எடை 1135 என்று வைத்து எடை போட்டால் செறிவு அந்த அளவுக்குக் குறைந்துவிடும். திருத்திப் போட்டதும் எண் 1.0 வந்தது. பாட்டில் திறந்த அன்றே ஈரப்பதத்தை அளந்து லேபிளில் எழுதிவிடுங்கள்.

தலைப்பை இன்னும் முடிவு செய்யவில்லையா? அப்படியென்றால் வெப்பத்தைவிட ஒளியை எடுங்கள் என்பேன். அசோபென்சீனின் நேர் வடிவம் ஆல்பா கிண்ணத்துக்குள் நன்றாக உட்காரும். 365 நானோமீட்டர் ஒளியில் அது வளைந்து வெளியே வந்துவிடும். அந்த ஒளி சங்கிலியை நேரடியாகத் தொடாது என்பதால், எது பதில் சொன்னது என்ற குழப்பம் பாதி குறைகிறது. விளக்கின் சூட்டையும் அளந்துகொள்ளுங்கள்.

வைவாவில் மேடம் அதே கேள்வியோடுதான் தொடங்கினார். டைமெத்தில் அக்ரிலமைடு ஜெல்லின் வளைவைத் திரையில் காட்டினேன். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்டார்: ஆல்பா ஒரு லிட்டர் தண்ணீரில் 145 கிராம் கரைகிறது, எட்டு அலகு கொண்ட காமா 232 கிராம், நடுவில் இருக்கும் பீட்டா மட்டும் ஏன் 18.5? வளையத்தின் அகன்ற விளிம்பில் உள்ள ஹைட்ராக்சில்கள் (OH தொகுதிகள்) தங்களுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பால் வரிசையாகக் கட்டிக்கொள்கின்றன, தண்ணீருக்குக் கொடுக்க மிச்சம் குறைவு என்றேன். அதைக் கிண்ணம் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன்.