பிடரியில் பட்ட சன்னமும் பார்வையின் வரைபடமும்

கொழும்பில் கண் கிளினிக்குக்குப் போய் 'பீல்ட் டெஸ்ட்' (பார்வைப் புலச் சோதனை) செய்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் வெளிச்சம் மினுங்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். மூளையின் பார்வைப் பகுதிக்கு முதல் விரிவான வரைபடம் கிடைத்ததும் இப்படிப்பட்ட சோதனையால்தான்.

1904-05 ரஷ்ய-யப்பான் போர். காயப்பட்ட சிப்பாய்களின் ஓய்வூதியத்துக்காகப் பார்வை இழப்பை மதிப்பிட்டவர் யப்பானியக் கண் வைத்தியர் தட்சுஜி இனோயே. ரஷ்யத் துப்பாக்கியின் 7.62 மி.மீ. சன்னம் சிறியது, வேகமானது. தலையைத் துளைத்து மறுபக்கம் போய்விடும், பலர் பிழைத்தும் விடுவார்கள். புகுந்த துளை, வெளியேறிய துளை இரண்டின் இடத்தையும் முப்பரிமாணத்தில் குறிக்க இனோயே தானே ஒரு கருவி செய்தார். இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டில் சிதைந்த பகுதியைப் பார்வைப் புலத்தில் பார்வை போன இடத்தோடு பொருத்தினார். நடுப்பார்வைக்கான இடம் மூளையின் பின் நுனியில், ஓரப்பார்வைக்கானது அதற்கு முன்னே, உள்ளே. 1909இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானிய நரம்பியல் வைத்தியர் கோர்டன் ஹோம்ஸ் இதையே விரிவாகச் செய்தார். பெயரும் அவருக்கே போனது (அநியாயம்தான்). அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கீழ்ப்பாதிப் பார்வைதான் போயிருந்தது. மேற்பாதியைக் கவனிக்கும் பகுதி தாழ்வாக, பெரிய இரத்தநாளங்களையும் சிறுமூளையையும் ஒட்டியிருக்கிறது. அங்கே அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வரை வந்து சேரவில்லை. நடுப்பார்வைக்கான இடத்தையும் ஹோம்ஸ் குறைத்தே வரைந்திருந்தார். 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹோர்டனும் ஹொய்ட்டும் எம்.ஆர்.ஐ. கொண்டு திருத்தினார்கள்: மூளையின் பார்வைப் பகுதியில் பாதிக்கு மேல், நடுவிலுள்ள 10 பாகைப் பார்வைக்கே.