ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்: சைடுபிளேட் கீறலை வீட்டிலேயே சரிசெய்தது

நீலம் பூசிய பழைய ரிவால்வரில் கீறல் விழுந்தால் மேல்பூச்சே போய்விடும். அதை மறுபடி ஏற்ற உப்புக் குளியலும் பட்டறையும் வேண்டும். 1965-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த மாடல் 60-க்குப் பிறகு பரவலான ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மேலே தெரியும் நிறம்தான் உள்ளேயும் இருக்கிறது, பூச்சு என்று எதுவும் கிடையாது. உறையில் போய்வந்து தேய்ந்த, அதே நிறுவனத்தின் மாடல் 686-இன் சைடுபிளேட்டை (உள் உறுப்புகளை மூடும் பக்கத் தகடு) கையாலேயே பழைய சாட்டின் தோற்றத்துக்கு, அதாவது மெல்லிய கோடுகளோடு மங்கலாக மினுங்கும் ஃபினிஷுக்குக் கொண்டுவரலாம். வேலை எளிது, கெடுப்பதும் அதே அளவு எளிது. கெடுவது பெரும்பாலும் விளிம்பில்தான்.

முதலில் சிலிண்டரைத் திறந்து தோட்டா அறைகள் எல்லாம் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட வேண்டும். வேலை நடக்கும் அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது.

கைப்பிடியைக் கழற்றியதும் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள். கைப்பிடி மூடியிருந்த இடத்தில் தொழிற்சாலை விட்ட கோடுகள் அப்படியே இருக்கும். அவை எந்தத் திசையில் ஓடுகின்றன, எவ்வளவு மெல்லியவை என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அதுதான் நமக்கு மாதிரி. கோடே தெரியாமல் சாம்பல் பூத்தது போல மங்கலாக இருந்தால் அது கண்ணாடி மணி வீசிச் செய்த ஃபினிஷ். அதைத் தேய்த்துப் பொருத்த முடியாது, பிளாஸ்டிங் செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

சைடுபிளேட் ஸ்க்ரூக்களுக்கு முனை இணையாகத் தீட்டிய துப்பாக்கி ஸ்க்ரூடிரைவர் அவசியம். சாதாரண ஆப்பு முனை ஸ்க்ரூ தலையைப் பிய்த்துவிடும். ட்ரிகர் கார்டுக்கு மேலே முன்பக்கம் இருக்கும் ஸ்க்ரூதான் சிலிண்டரின் யோக்கை, அதாவது சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கையைப் பிடித்து நிற்கிறது. அதை மற்றவற்றோடு கலக்காமல் தனியே வையுங்கள். பிளேட்டை நெம்பி எடுக்கவே கூடாது. ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் கைப்பிடி ஃபிரேமை லேசாகத் தட்டினால் அதிர்விலேயே மேலே எழும்பி வரும்.

இனி நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் ஒன்று: உள் உறுப்புகளை எடுத்த பிறகு, சைடுபிளேட்டை வெற்று ஃபிரேமில் மறுபடி மாட்டி, இரண்டையும் சேர்த்தே தேய்ப்பது. தனியே வைத்துத் தேய்த்தால் வாட்டர் பேப்பர் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கடிக்கும், விளிம்பு மழுங்கும். மாட்டிப் பார்க்கும்போது மயிரிழையாக இருந்த இணைப்பு, பள்ளமான கோடாகத் தெரியும். அதன் பிறகு அதற்குப் பரிகாரம் இல்லை, உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. மாட்டும்போது பழைய உதிரி ஸ்க்ரூக்களைப் போடுங்கள், கீறல் அவற்றோடு போகட்டும்.

கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் 320 நம்பர் வாட்டர் பேப்பர். தட்டாவிட்டால் 400 போதும். வெறும் உறைத் தேய்மானம் என்றால் வாட்டர் பேப்பரே வேண்டாம், நேராக ஸ்காட்ச் பிரைட் நார்ப்பட்டைக்குப் போகலாம். தாளை விரலால் அழுத்தாமல் தட்டையான மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். விரல் மென்மையானது, கீறல் இருக்கும் இடத்தையே குழியாக்கும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து நனைத்துத் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளாது. 320-ஐக் கோட்டுக்குச் சற்றுச் சாய்வாகவும், 400-ஐ நேராகவும் ஓட்டினால் முந்தைய தாளின் கீறல் எங்கே மிச்சம் என்று உடனே தெரியும்.

அடுத்து ஸ்காட்ச் பிரைட்: முதலில் 3எம் 7447, அரக்கு நிறப் பட்டை. கடைசியாக 7448, சாம்பல் நிறம். இங்கே அவசரம் வேண்டாம். மாதிரிக் கோடுகள் ஓடும் திசையில், ஒரு முனையிலிருந்து மறுமுனை தாண்டும்வரை ஒரே இழுப்பு. பிறகு பட்டையைத் தூக்கி, மறுபடி தொடக்கத்திலிருந்து. முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் திரும்பும் இடத்தில் கோடு கொக்கி போல வளையும், வெளிச்சத்தில் அது மட்டும்தான் கண்ணில் படும்.

நிறுவன முத்திரையும் எழுத்துகளும் ஆழமில்லாதவை. அவற்றின் மேல் சாம்பல் பட்டையைத் தவிர எதையும் வைக்காதீர்கள். சீரியல் எண் பக்கமே போக வேண்டாம். எண் அழிந்த துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். சிலிண்டர் முகத்தில் படியும் கரி வளையத்தையும் தேய்த்து எடுக்க நினைக்காதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கே உலோகம் குறைந்தால் இடைவெளி நிரந்தரமாகக் கூடிவிடும். ஹேமர், ட்ரிகர் கொக்கி முகங்களும் அப்படியே, வாட்டர் பேப்பர் படவே கூடாது. பஃப்பிங் சக்கரமும் டிரெமெல் என்ற கைச் சுழல் கருவியும் இந்த வேலைக்கு ஆகாது. ஒன்று எழுத்தை வழித்துவிடும், மற்றொன்று அலை அலையாகக் குழி போடும்.

ஸ்டீல் உல் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அதன் இரும்புத் துகள்கள் பரப்பில் பதிந்து, ஈரம் பட்டதும் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். ரிவால்வருக்கு வழக்கமாக வரும் 400 வகை ஸ்டீலில், பாத்திரங்களுக்கு வரும் 304 வகையைவிடக் குரோமியம் குறைவு. அதனால் இது கூடுதல் கவனம் கேட்கும்.

அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, 55 டிகிரி செல்சியஸ் அளவில் பிளேட்டை மட்டும் 10 நிமிடம் மூழ்கவைத்தால், பரப்பில் ஏதாவது இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலும் கரைந்து போகும். முன்னதாக சோப்பு வெந்நீரில் பிசுக்கு முழுவதும் போக வேண்டும். பிசுக்கு இருந்தால் கருந்திட்டு விழும். நிறம் மாறத் தொடங்கினால் உடனே எடுத்துக் கழுவிவிடுங்கள். ஸ்பிரிங், பின், ஹேமர், ட்ரிகர் எதையும் இதில் போடாதீர்கள். மியூரியாட்டிக் (ஹைட்ரோகுளோரிக்) அமிலம் வீட்டிலேயே இருந்தாலும் தொட வேண்டாம், அது ஸ்டெயின்லெஸ்ஸையே அரித்துப் பள்ளம் போடும்.

கழுவிய பிறகு ஹேர் டிரையரால் காயவைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, ஒரிஜினல் ஸ்க்ரூக்களோடு மாட்டுங்கள். பிளேட் கையால் அழுத்தியே சரியாக உட்கார வேண்டும். ஸ்க்ரூவால் இழுத்து உட்காரவைத்தால் பிளேட் வளையும். உட்காரவில்லை என்றால் உள்ளே ஹேமர் பிளாக் (ஹேமர் தவறி முன்னே வராமல் தடுக்கும் துண்டு) இடம் மாறியிருக்கலாம், கழற்றிப் பாருங்கள். மாட்டி முடித்ததும் காலி சிலிண்டரோடு ஒவ்வொரு அறையும் சரியாகப் பூட்டுகிறதா என்று மெதுவாக ஹேமரை இழுத்துச் சோதித்துவிடுங்கள்.