மணலோடு இருக்கிறேன்

லண்டனிலிருந்து யார் கூப்பிட்டாலும் சுகம் விசாரித்து முடிந்ததும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அந்த மணலுக்குள்ள உமக்குப் பொழுது எப்பிடிப் போகுது?" நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவில் இருக்கும் நண்பரும் அதையே கேட்டார். நான் சொல்லத் தொடங்கியதும், "சரி, அதையே எழுதித் தாரும், பள்ளிக்கூடக் கதையும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வராது. பிறந்து வளர்ந்த மணலை ஒழுங்காகப் பார்க்க எனக்குச் சொல்லித் தந்ததே நம் கல்லூரிதான்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டக்கூடும் என்பதால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பருத்தித்துறையிலிருந்து வடமராட்சி கிழக்கை நோக்கி வந்தால், வல்லிபுர ஆழ்வார் கோவிலைத் தாண்டி, குடத்தனைக்குப் பக்கத்தில் கடலோரமாக மணல் மேடு மேடாக எழுந்து நிற்கும். அதுதான் மணற்காடு. பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. ஒரு பக்கம் சவுக்கங்காடு. இப்போது சுற்றுலா வருகிறவர்கள் 'யாழ்ப்பாணத்துப் பாலைவனம்' என்று எழுதிப் படம் போடுகிறார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத இடம் என்ற நினைப்பு போலிருக்கிறது. 1936இல் வல்லிபுரத்தில் ஒரு பொன்னேடு கிடைத்தது. வசபன் என்ற அரசனின் காலத்தைச் சொல்கிற பிராமி எழுத்துச் சாசனம் அது. ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த மணலில் ஆட்கள் ஆட்சி நடத்தியிருக்கிறார்கள், கோவில் கட்டியிருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்புக்கு என்னைக் கல்லூரி விடுதியில் சேர்த்தபோது ஐயாவுக்குக் கரைவலைத் தொழில். விடுதிக்குப் போன முதல் கிழமையே எனக்கு 'மணல்' என்று பட்டம் விழுந்தது. சப்பாத்தைக் கழற்றினால் மணல், புத்தகப் பையை உதறினால் மணல். வேறு என்ன பட்டம் விழும்? நெல்லியடி, கரவெட்டிப் பெடியளுக்குத் தோட்டம், கிணறு, வாழை என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தது. எங்கள் ஊரைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. லீவு முடிந்து திரும்பும்போது அம்மா கட்டித் தருகிற புழுக்கொடியலை, அந்த அவித்துக் காயவைத்த பனங்கிழங்கைக்கூட, யாரும் காண முதல் பெட்டிக்கடியில் ஒளித்துவிடுவேன். (அப்புறம் முழுவதையும் தின்று தீர்த்தது அதே பெடியள்தான். அவர்களில் இரண்டு பேர் இப்போது உங்கள் சங்க நிர்வாகத்தில் இருக்கிறார்கள்.)

ஏ.எல். (உயர்தர) வகுப்பில் புவியியல் படிப்பித்த சேரை அந்தக் காலத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளை வேட்டி, கையில் குடை, கரும்பலகையில் கோடு போட்டால் அடிமட்டம் வைத்ததுபோல இருக்கும். ஒரு சனிக்கிழமை வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு மணற்காட்டுக்கு வந்தார். எனக்கோ உயிர் போகிற வெட்கம். காற்று மணலை ஏற்றுகிற பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருப்பதைக் காட்டினார். மணலை இறுக்கிப் பிடிக்கிற அடம்பன் கொடியைக் காட்டினார். இராவணன் மீசையின் முள்ளுருண்டை காற்றில் உருண்டு போகிறதே, நாங்கள் சின்னனில் துரத்தி விளையாடுவோமே, அந்தச் செடி அப்படி உருண்டுதான் விதையைப் பரப்புகிறது என்றார். அப்போதுதான் எனக்கும் தெரியும்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீதான் ஊர்ப் பெடியன். எங்கே தோண்டினால் தண்ணி வரும்?"

அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். இரண்டு மேட்டுக்கு நடுவில் பள்ளமாக ஓர் இடம் பார்த்துக் குந்தி, கையால் வழித்தேன். மேல் மணல் காலைச் சுட்டது. ஒரு சாண் போனதும் மணலின் நிறம் மாறிக் குளிர்ந்தது. முழங்கை வரை கை இறங்கியபோது அடியில் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. தெளியும் வரைக்கும் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சேர்தான் முதலில் கையால் அள்ளிக் குடித்தார். கடல் எங்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. தண்ணீரில் உப்பே இல்லை.

அந்த இடத்திலேயே குடை நுனியால் மணலில் கீறி விளங்கப்படுத்தினார். மாரியில் பெய்கிற மழையை மணல் குடித்து வைத்திருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. "இதை மறுவளமாகவும் யோசியுங்கோ. ஆசைப்பட்டு மேலே ஓர் அடியை இறைத்தால், கீழே இருந்து உப்பு நாற்பது அடி ஏறும்" என்றார். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஓர் ஆறும் இல்லையே, இவ்வளவு சனம் எதைக் குடித்து வாழ்ந்தது என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருந்தது. பாலைவனம் என்றால் வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்ய வேண்டும், இங்கே அதைப்போல் நாலு மடங்குக்கு மேல் பெய்கிறது என்றும் சொன்னார். திரும்பும்போது பஸ்சில் என்னை யாரும் பட்டம் சொல்லிக் கூப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். கூப்பிட்டார்கள், ஏ.எல். முடியும் வரைக்கும் கூப்பிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு அது உறைக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் எல்லோரையும் போல நானும் வெளிக்கிட்டேன். லண்டன் வாழ்க்கையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரவில் பெற்றோல் ஸ்டேஷன், பகலில் நித்திரை, சனி ஞாயிறு பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம். சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26 காலையில் ஊருக்கு எடுத்த போன் எதுவும் போகவில்லை. மணற்காட்டிலும் குடத்தனையிலும் எத்தனை வீடு போனது, யார் யார் போனார்கள் என்று எல்லாம் தெரிந்துகொள்ளப் பல நாள் பிடித்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) எல்லோருமாக மெழுகுதிரி ஏற்றுகிறோம்.

இரட்டைக் குடியுரிமை 2015இல் திரும்பக் கொடுக்கத் தொடங்கியதும் நானும் விண்ணப்பித்தேன். பென்சன் வந்ததும் ஊருக்கே வந்துவிட்டேன். பிள்ளைகளுக்குச் சம்மதமில்லை. மனைவிக்குப் பாதிச் சம்மதம். அதனால் அவ வருடத்தில் பாதியைப் பேரப்பிள்ளைகளோடும் மீதியை என்னோடும் கழிக்கிறா. இதுவும் ஓர் ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

வந்த புதிதில் நிம்மதி ஒன்றும் ஓடி வந்து கட்டிப்பிடிக்கவில்லை. என்னோடு படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊரில் இல்லை. கடைக்குப் போனால் "ஐயா எந்த இடம்?" என்று கேட்கிறார்கள். விடிய நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடும், எழும்பிச் செய்ய ஒரு வேலையும் இராது. எதையோ தவறவிட்டதுபோல மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது எந்த நாளில் விட்டுப் போனதென்று சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒரு சோளகக் காற்றில் போயிருக்கும்.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வந்தால் இங்கே வீட்டு வேலையே மணலை வெளியேற்றுவதுதான். காலையில் கூட்டினால் மத்தியானம் திரும்பவும் கூட்ட வேண்டும். பாயில் மணல், சோற்றில் மணல், மூக்குக் கண்ணாடிக்குள்ளும் மணல். முதல் வருடம் கதவிடுக்கெல்லாம் துணி அடைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, அது வாறது வரட்டும், நீ வாசலைத் திறந்து விடு, வந்த வழியால அரைவாசி போயிடும்" என்றா. அரைவாசி போகிறது என்பது உண்மைதான். அதே காற்றில் இந்தக் கரையின் கடல் அடங்கிக் கிடக்கும், கரைவலைக்கு நல்ல காலம். வலை இழுக்கிற இடத்தில் போய்க் கயிற்றில் ஒரு கை வைத்தால் கறிக்கு மீன் கிடைக்கும். இந்த வயதில் என் கை எவ்வளவு இழுக்கும் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் பங்கு தருகிறார்கள். ஆடி ஆவணியில் பனம்பழம். புரட்டாதியில் ஆழ்வார் கோவில் கடல் தீர்த்தம், எங்கிருந்தெல்லாமோ வந்த சனம் மணலுக்குள்ளால் கடலுக்கு நடந்து போகும். பிறகு வாடைக் காற்று திரும்பும், மழை தொடங்கும், கடல் கத்தும், மணல் எழும்பாது. லண்டனில் கலண்டரில் லீவுக்கு வட்டம் போட்டு அதை நோக்கியே ஓடினேன். இங்கே எந்தக் காற்று என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

கிணறு என்னுடையது ஆழமில்லை, சில சீமெந்து வளையங்கள் இறக்கியது, அவ்வளவுதான். மகன் வந்தபோது பெரிய மோட்டர் பூட்டித் தருகிறேன் என்றான். சேர் சொன்ன நாற்பது அடிக் கணக்கைச் சொல்லி வேண்டாம் என்றுவிட்டேன். வாளியால் அள்ளுகிறேன். குளிக்க, சமைக்க, நாலு முருங்கைக்கும் ஒரு எலுமிச்சைக்கும் ஊற்ற அது காணும். கடும் வெயில் காலத்திலும் தண்ணீர் உவர்க்கவில்லை.

ஒன்றை மறைத்து எழுதக்கூடாது. என் நிறைவுக்கு அடியில் பவுண்டில் வருகிற பென்சன் இருக்கிறது. அது இல்லாதவனுக்கு இதே மணல் வேறு மாதிரி. என்னோடு கயிறு இழுக்கிற பெடியன் ஒருவன் வெளிநாடு போகக் காசு சேர்க்கிறான். "அங்கிள், நீங்கள் போயிட்டுத்தானே வந்தனீங்கள்" என்கிறான். மறுத்துச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? இன்னொன்று, இரவில் உழவு இயந்திரங்கள் வந்து மணலைக் களவாக அள்ளிக்கொண்டு போகின்றன. மணல் போனால் அது பிடித்து வைத்திருக்கிற தண்ணீரும் போகும். ஊர்க் கூட்டத்தில் இதைச் சொல்வதற்கு எனக்குப் புவியியல் பாடம்தான் உதவுகிறது. ஒருமுறை சேரைப் போலவே நிலத்தில் கீறிக் காட்டினேன், ஆனால் என் கோடு கோணல்.

வருகிற வருடம் கல்லூரி நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் ஒரு நாளை இந்தப் பக்கத்துக்கும் ஒதுக்குங்கள். வெயில் ஏற முதல் வாருங்கள், சப்பாத்து வேண்டாம், தண்ணீர்ப் போத்தலும் வேண்டாம். பட்டத்தைச் சொல்லி விசாரித்தால் ஊரில் யாருக்கும் விளங்காது, ஆழமில்லாத கிணற்று வீடு என்று கேளுங்கள். மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. மீன் சாப்பிடாதவர்கள் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.