சாமந்திக்கு நடு இரவு விளக்கு: பாத்தியில் வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை

சாமந்தி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. பகல் சுமார் 13.5 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான ரகங்கள் மொட்டுக்குத் திரும்பிவிடும். செடி ஒரு சாண் இருக்கும்போதே அப்படித் திரும்பினால் காம்பு குட்டையாகிவிடும். அதனால் நட்ட அன்றிரவே விளக்கு; நடு இரவில் எரிந்து நீண்ட இரவை இரண்டு துண்டாக்கினால் செடி மொட்டுக்குத் திரும்பாது.

பாத்தி அகலம் 1.2 மீட்டர். நடுவில் ஒரே வரிசையாக 9 வாட் வார்ம் ஒயிட் எல்.இ.டி பல்புகள், 1.5 மீட்டருக்கு ஒன்று, செடி நுனிக்கு 1.5 மீட்டர் மேலே. இரு பல்புகளுக்கு நடுவே, பாத்தி ஓரத்தில், நுனி மட்டத்தில் 100 லக்ஸ் (விழும் வெளிச்சத்தின் அளவு) வேண்டும். பல்புக்கு நேர்கீழே அளந்து திருப்திப்படுவதில் பயனில்லை. மூலைகளில்தான் குறையும், கடைசி பல்பைப் பாத்தியின் விளிம்புக்கே நகர்த்தினால் சரியாகும். 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு எல்.இ.டி இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம். ஆனால் லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்தது, அந்தச் சிவப்பைக் குறைத்தே காட்டும்.

நேரம் இரவு 10 முதல் 2 வரை. அந்த 4 மணி நேரத்தில் ஒவ்வொரு அரை மணிக்கும் 6 நிமிடம் எரிந்தாலும் போதும், மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குதான்.

தொல்லை தருவது டைமர். மோட்டாரில் சுழலும் டயல் வகை, கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். நாலைந்து மின்வெட்டில் விளக்கு விடியலோடு ஒட்டிக்கொள்ளும்; எரிவது என்னவோ எரியும், இரவு துண்டாகாது. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குவதே மேல்.

தொடர்ந்து சில இரவுகள் விளக்கு தவறினால் அடையாளம் செடியிலேயே தெரியும். நுனியில் ஒரு மொட்டு கட்டி, விளக்கு திரும்பியதும் வளராமல் நின்றுவிடும். அதற்குக் கீழுள்ள இலைகள் மடல் பிரியாமல் நாடா போல ஒடுங்கும், பக்கக் கிளைகள் அதைத் தாண்டி ஓடும். அந்த மொட்டைக் கிள்ளிவிட்டு, பக்கக் கிளையை வளரவிட வேண்டியதுதான்.

நட்ட இரண்டாம் வாரம் நுனி கிள்ளல். கிளைகள் 25–30 சென்டிமீட்டர் வந்ததும் விளக்கு நிறுத்தம். ரகத்தைப் பொறுத்து அதன்பின் பொதுவாக 8 முதல் 10 வாரத்தில் பூ.

நிறுத்திய பிறகு இருட்டு முழு இருட்டாக இருக்க வேண்டும். தெருவிளக்கு விழும் ஓரம் மட்டும் பச்சையாகவே நிற்கும். பகல் நீண்ட மாதமென்றால் மாலை 5 முதல் காலை 8 வரை கருப்புத் துணி மூட வேண்டும். வெயில் காலத்தில் துணிக்குள் வெப்பம் தேங்கினால் பூ தள்ளிப்போகும்; அப்போது 7 மணிக்கு மூடி 9 மணிக்குத் திறப்பது நல்லது.