‘து’ தீர்ந்துபோகும் நாட்கள்

1979இல் ஒரு சின்ன அச்சகத்தில், ஈய எழுத்துகளைக் கோர்க்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். எழுத்து தீர்ந்துபோகும் என்பது முதல் வாரமே புரிந்துவிட்டது. பக்கம் பாதி கோர்ப்பதற்குள் கேஸில், அதாவது எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் தட்டில், ‘து’ இருந்த அறை காலியாகும். அதே பருமனுள்ள வேறு எழுத்தைத் தலைகீழாக, அடிப்பக்கம் மேலே வரும்படி செருகி மேலே போவோம். பிழை பார்க்க எடுக்கும் புரூபில் அந்த இடம் மட்டும் கறுப்பாக விழும். முந்தைய பக்கம் ஓடி முடிந்து, எழுத்துகளைப் பிரித்துப் போட்ட பிறகுதான் சரியான ‘து’ கிடைக்கும்.

தமிழில் இந்தத் தட்டுப்பாடு அதிகம். ‘கா’வுக்கு, க பக்கத்தில் ஒரு காலை வைத்தால் போதும். கி, கீ, கு, கூ ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். 18 மெய்க்கும் இப்படியே. அப்புறம் பழைய ணா, றா, னா, துதிக்கை வளைந்த ‘லை’ வேறு. பெரியார் 1935லேயே குடி அரசு இதழில் இவற்றை மாற்றிக் காட்டினார். தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. மாறியவை 13 எழுத்துகள். ணொ, ணோ இரண்டுக்கும் ‘ணா’ அச்சே உதவியதால் எங்கள் கேஸில் மிச்சமானது 7 அறை. நாள் முழுக்க நின்று கோர்ப்பவனுக்கு 7 அறை என்பது பெரிய நிம்மதி.

தரங்கம்பாடி அச்சகத்தின் கதை எனக்கு நெருக்கமானதும் இதனால்தான். அங்கே இருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குக்காக ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. ஆனால் அவை ரொம்பப் பெரியவை. காகிதமோ கப்பலில் வரவேண்டிய பொருள். அந்த அளவிலேயே புதிய ஏற்பாடு முழுவதையும் அடிக்கக் காகிதம் கட்டாது. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் வேலையை முடித்தார்கள். பக்கத்தில் பொறையாரில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அச்சுப்பொறி வந்து இறங்கியதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், தமிழ் அச்சு இந்த மண்ணில் காலூன்றியது அந்தச் சிறிய எழுத்தில்தான்.

அதற்கும் முன்னால், 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் இருக்கிறது. போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தந்த 16 பக்கத் தமிழ் நூல். அதன் பக்கங்களைப் பல வருடம் கழித்துப் படமாகப் பார்த்தேன். மெய்யெழுத்துகளின் மேல் புள்ளி இல்லை. ஓலையில் எழுதிய பழக்கம் அப்படியே ஈயத்துக்கு வந்திருக்கிறது. அப்படியானால் 18 அச்சு குறைவு என்றுதான் மனசு முதலில் கணக்குப் போட்டது. அதைக் கோர்த்தவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் கையில் எத்தனை எழுத்து இருந்திருக்கும், ஒரு பக்கம் ஓடி முடியும்வரை அடுத்த பக்கத்துக்குக் காத்திருந்தாரா? வாசகத்தைப் படிக்காமல், அந்தப் பக்கத்தில் எத்தனை ‘து’ என்று எண்ண ஆரம்பித்தேன்.